கை மேட்டில் பள்ளமா? காத்திருக்காதீர்கள்!

மேற்கொண்டு படிக்கும் முன்பு ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வலது கையைக் குப்புற மேஜை மேல் வையுங்கள். கட்டை விரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்து நன்றாக அழுத்துங்கள். இரண்டு விரலுக்கும் நடுவில், புறங்கைப் பக்கம், நெல்லிக்காய் மாதிரி ஒரு மேடு எழும்புகிறதா? இப்போது இடது கையிலும் அதே மாதிரி பாருங்கள். இரண்டு மேடும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றனவா?

இருந்தால் சந்தோஷம். ஒரு கையில் மேடு இருந்து, இன்னொரு கையில் மேட்டுக்குப் பதிலாகப் பள்ளம் இருந்தால், தயவுசெய்து இந்தக் கட்டுரையைக் கடைசி வரை படியுங்கள். அந்தப் பள்ளத்தை அலட்சியம் செய்த ஒரு வைத்தியனின் கதையும் இதில் உண்டு. அந்த வைத்தியன் வேறு யாருமில்லை, நானேதான்.

"வலி ஒண்ணும் கெடையாது, வைத்தியரே!"

நாஞ்சில் நாட்டில் தோவாளைப் பூச்சந்தையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து, சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு அம்மா என்னிடம் வந்தார். நாற்பது வயது இருக்கும். விடியுமுன் எழுந்து சரம் கட்டுகிறவர்.

"வைத்தியரே, வலி ஒண்ணும் கெடையாது. ஆனா நாரு கையில நிக்க மாட்டேங்கு. முடிச்சு போட்டா நழுவிப் போவுது. சுண்டுவெரலும் மரத்த மாதிரி இருக்கு" என்றார்.

கையைப் பார்த்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தசை வற்றிக் குழி விழுந்திருந்தது. 'கை சூம்புகிறது, இது வாதம்' என்று முடிவு கட்டினேன். உள்ளுக்கு மருந்து, மேலுக்கு உளுந்துத் தைலம் கொடுத்தேன். "பைய சரியாயிரும், அம்மா" என்று தைரியமும் சொல்லி அனுப்பினேன்.

மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் சுண்டுவிரலில் பெரிய கொப்புளத்தோடு வந்தார். "அடுப்புல பட்டிருக்கும்போல. எப்பம் சுட்டுதுன்னே எனக்குத் தெரியல்ல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையை அன்றைக்குத்தான் செய்தேன். அவருடைய முழங்கை மூட்டின் உள்பக்கம் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். அங்கே ஓடும் நரம்பு கயிறு போலத் தடித்துக் கிடந்தது. முன்கையில் வெளிறிய ஒரு தேமல் இருந்தது. அந்த இடத்தில் பேனா முனையால் தொட்டேன். அவருக்குத் தெரியவே இல்லை.

அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். தொழுநோய் என்று உறுதியாயிற்று. மாத்திரை சாப்பிட்டார், நோய் குணமானது. ஆனால் கை முழுசாகத் திரும்பவில்லை. அந்த மூன்று மாதத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. இதை எழுதுவதே, இன்னொரு வீட்டில் அந்த மூன்று மாதம் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான்.

அந்த மேட்டுக்குள் என்ன இருக்கிறது?

விரல்களுக்குள் தசையே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியுமா? விரலுக்குள் இருப்பதெல்லாம் எலும்பும் தசைநாண்களும்தான். பொம்மலாட்டத்தில் பொம்மை ஒரு பக்கம், கயிறு இழுக்கிறவர் இன்னொரு பக்கம் இருக்கிற மாதிரி, விரலை ஆட்டும் தசைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. வாளியைத் தூக்குவது, கயிற்றை இறுகப் பிடிப்பது போன்ற முரட்டு வேலைகள் அவற்றின் பொறுப்பு. சின்னத் தசைகள் உள்ளங்கைக்குள்ளேயே இருக்கின்றன. ஊசியில் நூல் கோர்ப்பது, கோலமாவை விரலிடுக்கில் அளந்து விடுவது, எழுதுவது போன்ற நுணுக்கமான வேலைகளுக்கு இவை இல்லாமல் முடியாது.

உள்ளங்கை எலும்புகளுக்கு நடுவே, புறங்கைப் பக்கமாக, நான்கு சின்னத் தசைகள் உண்டு. ஆங்கில மருத்துவத்தில் இவற்றை 'டார்சல் இன்டராசியஸ்' என்பார்கள். எலும்பிடைத் தசை என்று சொல்லலாம். நான்கிலும் பெரியது முதலாவது. நீங்கள் இப்போது பார்த்த மேடு அதுதான்.

இந்தத் தசைக்கு இரண்டு தலை. ஒரு தலை கட்டை விரலின் அடி எலும்பிலிருந்து புறப்படுகிறது. இன்னொரு தலை ஆள்காட்டி விரலின் அடி எலும்பிலிருந்து புறப்படுகிறது. இரண்டும் பறவை இறகின் இரு பக்கத் தூவல் மாதிரி நடுவில் சேர்ந்து, ஆள்காட்டி விரலின் முதல் கணுவில், கட்டை விரலைப் பார்த்த பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன.

என்னைப் போன்ற நாடி வைத்தியர்கள் ரசிக்கிற விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாங்கள் நாடி பார்க்கிறோம் அல்லவா? அந்த ரத்தக்குழாய் அங்கேயே நின்றுவிடுவதில்லை. கட்டை விரலின் அடியைச் சுற்றிப் புறங்கைக்கு வந்து, இந்தத் தசையின் இரண்டு தலைகளுக்கும் நடுவே உள்ள சந்து வழியாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. வர்ம மரபில் சொல்லப்படும் நூற்றெட்டு வர்மங்களில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதிக்கும் ஒன்று உண்டு. கவளிக் காலம் என்பார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு படித்தபோதுதான், ஆசான்கள் தொட்டுக் காட்டிய இடத்துக்குக் கீழே இத்தனை சமாச்சாரம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

சிட்டிகை உப்பு யார் தயவு?

'ஒரு சிட்டிகை உப்பு' என்கிறோம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால்தான் சிட்டிகை. கட்டை விரல் வந்து அழுத்தும்போது ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் சாயாமல் எதிர்த்து நிற்க வேண்டும். அப்படி நிற்க வைப்பதுதான் இந்தத் தசையின் முக்கிய வேலை. பூட்டில் சாவியைத் திருப்பும்போது பாருங்கள், சாவியின் ஒரு பக்கம் கட்டை விரல், மறுபக்கம் ஆள்காட்டி விரலின் விலா. அந்த விலாவுக்குப் பலம் கொடுப்பது இதுதான்.

ஆள்காட்டி விரலை நடுவிரலிலிருந்து விலக்குவதும் இதன் வேலை. விரலின் அடிக் கணுவை மடக்கி, மேல் கணுக்களை நீட்டுவதற்கும் துணை நிற்கிறது. எழுதும்போது விரல் நிற்கிற நிலையே அதுதான். முந்திரிப் பருப்பின் தோல் உரிக்கிற பெண்கள், சட்டைக்குக் காஜா எடுக்கிற தையற்காரர், பூக்கட்டுகிறவர் என்று எல்லாருக்கும் சோறு போடுவது கட்டை விரல் அளவுகூட இல்லாத இந்தத் தசை!

கம்பி அறுந்தால் விளக்கு எரியுமா?

தசை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதற்குக் கட்டளை கொண்டு வரும் நரம்பு பழுதானால் அது வேலை செய்யாது. வேலை இல்லாத தசை நாளடைவில் வற்றிவிடும். அதைத்தான் 'சூம்பிப் போச்சு' என்கிறோம். சித்த மருத்துவம், கை கால் அசைவுக்கு வியானன் என்ற வாயுவைக் காரணமாகச் சொல்கிறது. அது தடைப்பட்டால் ஊன் என்ற தாது வாடும் என்கிறது.

இந்தத் தசைக்கு வரும் நரம்பின் பெயர் அல்நார் நரம்பு. கழுத்தில் புறப்பட்டு, அக்குள் வழியாக இறங்கி, முழங்கை மூட்டின் உள்பக்கத்து எலும்புக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளத்தில் ஓடுகிறது. முழங்கை எங்காவது இடித்தால் 'கரண்ட் அடிச்ச மாதிரி' சுண்டுவிரல் வரை சுர்ரென்று இழுக்குமே, அது இந்த நரம்பு அடிபடுவதால்தான். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் தொடு உணர்ச்சி கொடுப்பதும் இதே நரம்பு. ஆகவே சுண்டுவிரல் மரப்பும், கட்டை விரல் பக்கத்துப் பள்ளமும் சேர்ந்து வந்தால், இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று சந்தேகப்பட வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். பழுதான நரம்பு மறுபடி வளரும்போது நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லி மீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து இந்தத் தசைக்கு ஏறக்குறைய 30 சென்டி மீட்டர் தூரம். அப்படியென்றால் 300 நாள், கிட்டத்தட்ட பத்து மாதம்! தசையோ அதிகம் போனால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்தான் காத்திருக்கும். அதற்குமேல் நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை எழுந்திருக்காது. 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று நாம் தள்ளிப் போடும் ஒவ்வொரு மாதமும் எங்கே போகிறது என்று இப்போது தெரிகிறதா?

எதனால் வருகிறது?

பள்ளம் கண்டவுடன் தொழுநோய் என்று பயந்துவிட வேண்டாம். காரணங்கள் பல உண்டு.

முழங்கையை மேஜையில் ஊன்றியபடி மணிக்கணக்கில் உட்காருவது, கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்குவது, கையை மடக்கிக்கொண்டே செல்போனில் நெடுநேரம் பேசுவது, இவையெல்லாம் நரம்பை நெருக்கும். சிறு வயதில் மாமரத்திலிருந்து விழுந்து முழங்கை உடைந்து, கோணலாகக் கூடியவர்களுக்குப் பல வருஷம் கழித்துக்கூட இந்த நரம்பு இழுபட்டுப் பழுதாகலாம். உள்ளங்கையின் அடிப்பகுதியில் கருவியின் பிடியை அழுத்தி வேலை செய்கிறவர்களுக்கு, மரப்பே இல்லாமல் தசை மட்டும் வற்றுவதும் உண்டு. சர்க்கரை நோய், கழுத்தெலும்புத் தேய்மானம் ஆகியவையும் பட்டியலில் இருக்கின்றன.

பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பையன்களுக்கு, மரப்பு இல்லாமல், ஒரு கை மட்டும் மெல்ல மெலிவதும் உண்டு. 1959-ல் ஜப்பானிய மருத்துவர் ஹிராயாமா இதை விவரித்தார். நம் நாட்டிலும் இது இருக்கிறது. கழுத்தைக் குனியும்போது தண்டுவடம் நெருக்கப்படுவதால் வருவது. சில வருஷம் வளர்ந்து பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஆனாலும் நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தசை வற்றும் வேறு கடுமையான நரம்பு நோய்களும் இதே இடத்தில் ஆரம்பிப்பது உண்டு. தள்ளாத வயதில் இரண்டு கையிலும் ஒரே மாதிரி லேசாக மெலிவது வேறு விஷயம்.

அப்புறம், தொழுநோய். இந்த நோய்க் கிருமி தோலையும் நரம்பையும் தாக்கும். கையில் அது அதிகம் தேடிப் போவது இதே அல்நார் நரம்பைத்தான், அதுவும் முழங்கைக்குச் சற்று மேலே. 2005-ல் இந்தியாவில் தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்ற அளவுக்குக் குறைந்துவிட்டதாக அறிவித்தார்கள். 'அதெல்லாம் ஒழிஞ்சு போச்சே' என்று நாமும் நினைத்துவிட்டோம். ஆனால் 2023-லும் நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள்.

வேலூர் தந்த வெளிச்சம்

ஒரு காலத்தில் தொழுநோயாளியின் கை மடங்கிப் போனால், 'சதை அழுகுகிறது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று விட்டுவிடுவார்கள். அதை மாற்றிக் காட்டியது நம் தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்று.

1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட். எலும்பு, கை அறுவை மருத்துவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே விரல்கள் மடங்கிக் கிடந்த ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலியில் இவரே கத்திவிடும் அளவுக்கு அந்தப் பிடி பலமாக இருந்ததாம்!

அந்தப் பிடிதான் அவரை யோசிக்க வைத்தது. 'செத்துப்போன' கையில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? முன்கைத் தசைகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. வற்றியிருந்தவை உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னத் தசைகள் மட்டுமே. சின்னத் தசைகள் ஒதுங்கிக்கொண்டதால், பெரிய தசைகள் தட்டிக் கேட்க ஆளில்லாமல் விரலை மடக்கி இழுத்துவிட்டன. அப்படியானால், நன்றாக இருக்கும் ஒரு தசைநாணை எடுத்து, வற்றிய தசையின் வேலைக்கு மாற்றி வைத்தால் என்ன?

1948 வாக்கில் வேலூரில் அந்த அறுவை சிகிச்சைகள் தொடங்கின. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. பிச்சைக்கு நீட்டிய கைகள் மறுபடி தொழில் கற்றன. விரல்கள் குறைந்துபோவது சதை அழுகுவதால் அல்ல, உணர்ச்சி இல்லாத கையில் தெரியாமலே படும் சூடும் காயமும்தான் காரணம் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். வேலூர் அருகே கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை இந்தப் பணியை வளர்த்தது. தசைநாண் மாற்று அறுவை இன்றும் பல மருத்துவமனைகளில் நடக்கிறது.

வீட்டிலேயே நான்கு சோதனை

ஒன்று: கையைக் குப்புற மேஜையில் வைத்து, ஆள்காட்டி விரலைக் கட்டை விரல் பக்கமாக நகர்த்துங்கள். அந்த விரலை வேறொருவர் எதிர்ப்பக்கம் தள்ளட்டும். நீங்கள் மறு கையால் மேட்டைத் தொட்டுப் பாருங்கள். கல் மாதிரி இறுக வேண்டும். இரண்டு கைக்கும் செய்து ஒப்பிடுங்கள்.

இரண்டு: ஒரு பஸ் டிக்கெட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் விலாவுக்கும் நடுவே பிடியுங்கள். மற்றவர் இழுக்கட்டும். கட்டை விரல் நீட்டியபடியே பிடித்திருந்தால் நல்லது. நுனிக் கணு மடங்கினால் தசை பலவீனம் என்று அர்த்தம். 1915-ல் பிரெஞ்சு மருத்துவர் ஃபுரோமான் சொன்ன சோதனை இது. இதில் முக்கியமாகத் தெரிவது பக்கத்திலேயே உள்ள இன்னொரு தசையின் பலம். அதற்கும் இதே நரம்புதான்.

மூன்று: கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சுண்டுவிரலைப் பேனா முனையால் லேசாகத் தொடச் சொல்லுங்கள். எங்கே தொட்டது என்று சொல்ல முடிகிறதா?

நான்கு: முழங்கையின் உள்பக்கப் பள்ளத்தில் நரம்பை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். அமுக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் தடிப்போ, வலியோ இருக்கிறதா? உடம்பில் எங்காவது உணர்ச்சியில்லாத தேமல் உண்டா?

இவற்றில் எது சரியில்லை என்றாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். இன்னொன்று: மரப்பு கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் இருந்து, ராத்திரியில் அதிகமானால், அது மணிக்கட்டில் நெருக்கப்படும் வேறு நரம்பு. அதற்கும் மருத்துவம் உண்டு.

என்ன செய்யலாம், என்ன கூடாது?

முதலில் காரணம் தெரிய வேண்டும். நரம்பின் ஓட்டத்தைக் கருவி வைத்துப் பார்க்கும் பரிசோதனை உண்டு. நெருக்கம் என்றால், முழங்கையை ஊன்றாமல், ராத்திரி மடக்காமல் பார்த்துக்கொண்டாலே பலருக்குச் சரியாகும். மற்றவர்களுக்கு அறுவை தேவைப்படும்.

தொழுநோய் என்றால் கூட்டு மருந்து சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றாது. தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கிற கொடுமையெல்லாம் வேண்டாம். நரம்பு பழுதாகத் தொடங்கி 6 மாதத்துக்குள் வந்துவிட்டால், வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்து, இழந்த பலத்தை மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்த '6 மாதம்' என்பதைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வைத்தாலும் தப்பில்லை.

'அப்போ சித்த மருத்துவம் எதற்கு?' என்று கேட்பீர்கள். காரணம் தெரிந்து, அதற்கான சிகிச்சை தொடங்கிய பிறகு, மூட்டு இறுகாமல் காப்பதற்குத் தைலமும் மிதமான தடவலும் விரல் பயிற்சியும் துணை செய்யும். தடித்து வீங்கிய நரம்பின் மேல் அழுத்தித் தேய்ப்பதும், வர்மம் தட்டுகிறேன் என்று கை வைப்பதும் கூடவே கூடாது. உணர்ச்சி குறைந்த கையைத் தினமும் இருபது நிமிஷம் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தோல் வெடிக்காது. சூடான பாத்திரத்தைத் துணி இல்லாமல் தொடாதீர்கள். ராத்திரி படுக்கும் முன் கையை வெளிச்சத்தில் பார்த்து, காயம் உண்டா என்று தேடுங்கள். கைக்குத் தெரியாததைக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பூக்கார அம்மா இப்போதும் பூ கட்டுகிறார். பழைய வேகம் இல்லை. நாரைச் சுண்டி முடிச்சுப் போடும்போது கட்டை விரல் நுனி மடங்கிவிடுகிறது. போன ஆவணியில் பார்த்தபோது, "வைத்தியரே, எனக்க மவளுக்க கையையும் ஒருக்கா பாத்துச் சொல்லும்" என்று பெண்ணைக் கூட்டி வந்திருந்தார். தொழுநோய் வந்தவர் வீட்டில் எல்லாரையும் பரிசோதிக்க வேண்டும் என்று சுகாதார நிலையத்தில் சொல்லியிருந்தார்களாம். தேமல் இருக்கிறதா என்று தேடினேன், முழங்கையைத் தடவினேன், பஸ் டிக்கெட்டைப் பிடிக்கச் சொன்னேன். நான் இழுத்த இழுப்பில் டிக்கெட் இரண்டாகக் கிழிந்ததே தவிர, அந்தப் பெண்ணின் பிடி விடவில்லை.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும், உங்கள் வீட்டில் எல்லாரையும் ஒருமுறை கையைக் குப்புற வைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது.